8-க்கு 5 பாத்ரூமுக்கு எத்தனை கிலோ வாட்டர்ப்ரூஃபிங் வாங்குவது? மேஸ்திரி கணக்கும் கடைக்காரர் கணக்கும்

ஈரோடு பக்கம் கட்டும் வீட்டில், முதல் மாடியில் 8 அடிக்கு 5 அடியில் ஒரு பாத்ரூம், தளம் ஒரு அடி இறக்கிப் போட்ட சங்கன் ஸ்லாப். பவுடரும் பாலும் (பால் போன்ற வெள்ளைத் திரவம்) தனித்தனியாக, இரண்டும் சேர்ந்து ஒரு செட்டாக வரும் பாலிமர் சிமென்ட் பூச்சு அடிக்கப் போகிறீர்கள். மேஸ்திரி "15 கிலோ செட் ஒண்ணு தாராளமுங்க" என்கிறார். கடைக்காரர் நாலு செட் எழுதிக் கொடுக்கிறார். யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இவர்கள் இருவரையும் கேட்காமல் நாமே இதை எப்படிக் கணக்குப் போடுவது? அதற்குத்தான் இந்தப் பதில். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்று செட். ஷவர் சுவருக்கு அடிக்கப் போவதில்லை என்றால் இரண்டு. ஆனால் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், வாங்கிய மூன்றில் ஒன்றரை செட் மிச்சமாகிக் கிடக்கும். அப்படி மிஞ்சினால் அது சிக்கனம் இல்லை, பூச்சில் குறை என்று அர்த்தம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பரப்பிலிருந்து தொடங்குவோம். மேஸ்திரி கணக்கில் பாத்ரூம் என்றால் 8 பெருக்கல் 5, நாற்பது சதுர அடி. தண்ணீர் தரையில் மட்டும் நிற்பதில்லை. சங்கன் என்பது ஒரு தொட்டி. அதன் அடி 40 சதுர அடி, சுற்றளவு 26 அடி, ஆழம் ஒரு அடி என்பதால் பக்கச் சுவர்கள் 26 சதுர அடி. ஆக முதல் பூச்சுக்கு 66. பைப் எல்லாம் போட்டு, குழியை நிரப்பி, மேலே தண்ணீர் ஓடும்படி வாட்டம் (சரிவு) கொடுத்துக் காரை போட்ட பிறகு அந்தக் காரை மேல் இரண்டாவது முறை அடிக்க வேண்டும். அங்கேயும் தரை 40, சுவரில் ஒரு அடி உயரம் ஏற்றினால் 26. வாசல் இரண்டரை அடியைக் கழிக்கத் தோன்றும். கழிக்காதீர்கள், நிலைப்படியின் மேலும் அதைத் தாண்டி அரை அடி வெளியேயும் பூச வேண்டியிருக்கும், கழித்ததெல்லாம் திரும்ப வந்துவிடும். ஆக இதுவும் 66. ஷவர் இருக்கும் மூலையில் ஒரு பக்கம் 5 அடி, மறுபக்கம் 4 அடி, ஏற்கெனவே ஏற்றிய ஒரு அடிக்கு மேல் இன்னும் 6 அடி உயரம் என்றால் 54 சதுர அடி. மொத்தம் 186 சதுர அடி, அதாவது 17.3 சதுர மீட்டர். நாற்பது எங்கே, 186 எங்கே. இந்த மூன்று தொகையும் டேப் வைத்து அளந்தால் வருவது, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அடுத்தது கனம். பலரும் சறுக்குவது இங்கேதான். "எத்தனை கோட்" என்று பேசுவார்கள், எத்தனை மில்லிமீட்டர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் கனம் என்பது சரியாக ஒரு லிட்டர். எந்தக் கம்பெனி சரக்கானாலும் இது மாறாது. கலந்த பூச்சு ஒரு லிட்டர் பெரும்பாலும் 1.6 முதல் 1.9 கிலோ வரை எடை இருக்கும், நடுவாக 1.7 என்று வைக்கலாம். காயும்போது அதிலிருக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ஆவியாகிப் பூச்சு சுருங்கும். ஆகவே காய்ந்த பிறகு ஒரு மில்லிமீட்டர் நிற்க, ஈரத்தில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக அடிக்க வேண்டும். எல்லாம் சேர்த்து, இரண்டு கோட்டுக்கும் மொத்தமாகச் சதுர மீட்டருக்கு 2 கிலோ என்பது கையில் வைத்துக்கொள்ளத் தக்க எண். சதுர அடிக்கு 186 கிராம் வரும், உங்கள் பரப்பும் 186 என்பது ஞாபகம் வைக்க வசதி. அதாவது 15 கிலோ செட் ஒன்று சுமார் 80 சதுர அடிக்குத்தான் காணும். உங்களுக்கு 34.6 கிலோ, பிரஷ்ஷிலும் வாளியிலும் ஒட்டி வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 38. பதினைந்து கிலோவாக வாங்கினால் மூன்று செட், இருபது கிலோவாகக் கிடைத்தால் இரண்டு. ஷவர் சுவரை விட்டுவிட்டால் 132 சதுர அடி, சேதாரத்தோடு 27 கிலோ. இரண்டு பதினைந்து போதும்.

மேஸ்திரி சொன்னபடி ஒரே செட்டை 186 சதுர அடிக்கும் இழுத்தால் என்ன ஆகும்? இழுக்க முடியும், அதுதான் சிக்கலே. பார்க்கச் சாம்பல் நிறமாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் காய்ந்த கனம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, கிட்டத்தட்ட நாமக்கல் முட்டையின் ஓட்டுக் கனம். காரையில் தலைமுடி அளவு விரிசல் விட்டால் கூடவே இழுபட்டு மூடிக்கொள்ளும் தன்மை இந்தப் பூச்சுக்கு வேண்டும். முட்டை ஓட்டுக் கனத்தில் அது வராது, காரையோடு சேர்ந்து தானும் கிழியும். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. தரையில் மட்டும், ஒரே முறை அடிக்கிற வழக்கத்தில் அவர் கணக்கு அவருக்குச் சரியாகத்தான் வந்திருக்கும். கடைக்காரரின் நாலு செட் ஏறக்குறைய எல்லாச் சுவரையும் ஏழு அடிக்கு அடிப்பதாக வைத்து வந்திருக்கலாம், அல்லது வியாபாரமாக இருக்கலாம்.

இதில் உறுதியில்லாத பகுதி எது என்றும் சொல்லிவிட வேண்டும். டப்பாவில் "ஒரு கிலோவுக்கு இத்தனை சதுர அடி" என்று அச்சடித்திருக்கும். அது ஒரு கோட்டுக்கா, இரண்டு கோட்டுக்கா, எந்தக் கனத்துக்கு என்று பக்கத்திலேயே சிறு எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கடையில் அந்தச் சரக்கின் டேட்டா ஷீட் கேட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதில் கலவையின் அடர்த்தியும், பரிந்துரைக்கும் கனமும், சதுர மீட்டருக்குக் கிலோவும் இருக்கும். நான் சொன்ன 2 கிலோவும் அதில் உள்ளதும் வேறுபட்டால் அதில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று சுவரின் சொரசொரப்பு. பலகை போட்டு மட்டமாகத் தேய்த்த பூச்சுவேலை என்றால் பத்து சதவீதச் சேதாரம் சரி. கரணையால் மேலோடு விட்ட காரை, சிமென்ட் பிளாக் சுவர், எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பருக்கை துருத்தி நிற்கும் பூச்சு என்றால் இருபது சதவீதம்கூடக் குழிகளுக்குள்ளேயே போய்விடும். இதைச் சுவரைப் பார்க்காமல் எழுத்தில் தீர்க்க முடியாது. ஒரே வழி, முதல் பத்து சதுர அடியை அடித்துப் பார்த்து எத்தனை போனது என்று எடை போடுவதுதான்.

அதற்குச் சமையலறைத் தராசு ஒன்று போதும். பூச்சு அடிக்கிற நாளில் மேஸ்திரியிடம் "கெட்டியா அடிங்க" என்று சொல்வதில் பயனில்லை, கெட்டி என்பது ஆளுக்கு ஆள் மாறும். சுவரில் சாக்பீஸால் 20 சதுர அடி குறித்துவிட்டு, ஒரு கோட்டுக்கு 1.9 கிலோ கலவையை எடை போட்டு வாளியில் கொடுங்கள். அந்தக் கட்டத்துக்குள் அது தீர வேண்டும். தீராமல் மிஞ்சினால் மெல்லிசாகப் போகிறது, பாதியிலேயே தீர்ந்தால் பள்ளம் மேடு குடிக்கிறது. இரண்டு கட்டம் இப்படி அடித்துவிட்டால் கை தானாகப் பழகிவிடும். வாங்கிய அளவு தீருவதே கனத்துக்கு அளவுகோல் என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான். கலக்கும்போதும் எடைதான். ஒரு செட்டைப் பாதிப் பாதியாகக் கலக்க நேர்ந்தால் பாலையும் பவுடரையும் எடை போட்டே பிரியுங்கள், டம்ளர் கணக்கு வேண்டாம். இழுக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவதும், காணவில்லை என்று ஒரு சட்டி சிமென்ட் சேர்ப்பதும் நடக்கும். முன்னது பூச்சைப் பலவீனமாக்கும், பின்னது அதன் நெகிழ்வைக் கொன்றுவிடும். சிமென்ட் கூடிய பூச்சு காய்ந்ததும் ஓடு போல வெடிக்கும். முதல் கோட் ஒரு திசையில், அது காய்ந்து கையில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் (வழக்கமாக 4 முதல் 6 மணி நேரம்) இரண்டாவது குறுக்குத் திசையில். இரண்டு கோட்டும் ஒரே நிறமாக இருப்பதால் எங்கே விட்டது என்று தெரியாது. பகல் வெளிச்சத்தில் அடிப்பதும், டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பார்ப்பதும் உதவும்.

பூச்சைத் தவிர மற்றச் சாமான்களையும் இதே நாற்பது சதுர அடிக்குச் சொல்கிறேன். சங்கன் உள்ளே அடியும் பக்கமும் 66 சதுர அடிக்கு 15 மில்லிமீட்டர் கனத்தில் 1-க்கு 4 கலவையில் காரை பூச 35 கிலோ சிமென்ட், மூன்றரை கன அடி மணல். நிரப்பிய பிறகு மேலே சராசரி 2 அங்குலத்தில் வாட்டக் காரைக்கு 72 கிலோ சிமென்ட், ஏழு கன அடி மணல். மூலைச் சரிவுக்கும் சிமென்ட் பால் கலந்து தேய்ப்பதற்கும் கொஞ்சம் என்று வைத்தால் சிமென்ட் மூன்று மூட்டை, மணல் பன்னிரண்டு கன அடி. கலவையில் ஊற்றும் வாட்டர்ப்ரூஃப் திரவம் (ஐ.எஸ். 2645 என்ற இந்தியத் தர எண் டப்பாவில் இருக்கட்டும்) மூட்டைக்கு 200 மில்லி என்பது பரவலான அளவு, ஒரு லிட்டர் டப்பா போதும். அந்தத் திரவத்தை அதிகம் ஊற்றினால் அதிகம் தடுக்கும் என்ற நம்பிக்கை தவறு. அது காரைக்குள் தண்ணீர் ஊறுவதைக் குறைக்கும், விரிசலை மூடாது. ஆகவே திரவம் ஊற்றிவிட்டோம், பூச்சு வேண்டாம் என்பது சரிவராது. மணலில் எம் சாண்டா, பூச்சுவேலைக்கான சன்ன ரகமான பி சாண்டா என்று கேட்டால், இரண்டிலும் தூசியைத்தான் பார்க்க வேண்டும். கிரஷர் தூசி மிகுந்த பி சாண்டில் பூசினால் காரை பார்க்க வழவழவென்று இருக்கும், காய்ந்ததும் வலைபோல விரிசல் விடும். தரைக்காரைக்கு எம் சாண்ட் நல்லது, சுவருக்குக் கழுவிய பி சாண்ட்.

மூலைகளில் சுவரும் தரையும் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் பூச்சு வளைய முடியாமல் கிழியும். அதற்காக 40 மில்லிமீட்டர் சரிவாகக் கலவை வைத்துத் தேய்த்துவிட வேண்டும். சுற்றி 26 அடிக்கு ஆறரை லிட்டர் கலவை, இரண்டு பெயிண்ட் வாளியின் அடியில் நிற்கும் அளவு. மேலே காரை போட்ட பிறகு அங்கேயும் இதையே ஒருமுறை. அந்தச் சரிவின் மேல் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே ஆறு அங்குல அகல ஃபைபர் மெஷ் பட்டியை அழுத்தி ஒட்டிவிட்டு மேலே இன்னொரு கோட். பட்டி எத்தனை? கீழே சுற்றி 26 அடி, மேலே சுற்றி 26, செங்குத்து மூலைகள் கீழும் மேலும் எட்டு அடி, ஷவர் மூலை இன்னும் ஆறு, மூன்று பைப்புகளைச் சுற்றி ஒன்பது, ஆக 75 அடி. ஒரு மீட்டர் அகலச் சுருளில் ஆறு பட்டி வெட்டலாம், நான்கு மீட்டர் நீளம் கணக்குக்குச் சரி, ஒட்டு மேல் ஒட்டு விட ஐந்து மீட்டர் வாங்குங்கள். சிமென்டின் காரத்தைத் தாங்கும் கண்ணாடி நார் மெஷ் என்று கேட்டு வாங்க வேண்டும். கொசுவலை மாதிரி கிடைப்பதெல்லாம் ஆகாது, சிமென்டுக்குள் சில வருடங்களில் மக்கிவிடும் ரகமும் அதில் உண்டு.

இனி பைப். கசியும் பாத்ரூம்களில் தரையின் நடுவே ஓட்டை விழுந்து கசிவது அபூர்வம். பைப் தளத்தைத் துளைத்துப் போகும் இடம், டிராப்பின் (தரைத் தண்ணீர் வடியும் வாய்) கழுத்து, வாசல்படி, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பி.வி.சி. பைப் வழவழப்பானது, சிமென்ட் அதில் ஒட்டாது, காய்ந்து சுருங்கும்போது சுற்றிலும் நூல் இடைவெளி விட்டுவிடும். அதனால் தளத்துக்குள் போகும் பகுதியை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, பைப் ஒட்டும் சால்வென்ட்டைத் தடவி, ஈரத்திலேயே மணலைத் தூவிக் காயவிடுங்கள். இப்போது சிமென்டுக்குப் பிடிமானம் கிடைக்கும். துளையை அடைக்கச் சாதாரணக் கலவையைத் திணிப்பதே வழக்கம். அதற்குப் பதில் சுருங்காத கிரவுட் வாங்குங்கள். 110 மில்லிமீட்டர் பைப், 150 மில்லிமீட்டர் துளை, ஐந்து அங்குலத் தளம் என்றால் துளைக்கு ஒரு லிட்டர் இடைவெளி, பவுடராக இரண்டு கிலோ. மூன்று துளைக்கு ஆறு கிலோ. 25 கிலோ மூட்டையாகத்தான் வரும், மீதியை மற்றப் பாத்ரூம்களுக்கும் மாடித்தளத்தில் மழைநீர் பைப் இறங்கும் இடத்துக்கும் பயன்படுத்தலாம். கீழிருந்து பலகையைக் கட்டிவிட்டு, துளையின் ஓரக் கான்கிரீட்டை நனைத்துவிட்டு, மேலிருந்து ஊற்ற வேண்டும். அப்படியே ஃப்ளோர் டிராப்பைச் சுற்றிப் பூச்சு வரும்போது அதன் வாய்க்குள் கொஞ்சம் இறங்கும்படி அடியுங்கள். டைல்ஸ் இடுக்கு வழியே எப்படியும் ஓரளவு தண்ணீர் கீழே இறங்கும். இறங்கிய தண்ணீர் பூச்சின் மேல் ஓடி டிராப்புக்குள் விழ வழி இருக்க வேண்டும். பூச்சு டிராப்பின் விளிம்போடு நின்றுவிட்டால் அந்தத் தண்ணீர் அங்கேயே தேங்கி நாற்றமடிக்கும். வாட்டம் பூச்சுக்கு அடியிலேயே, காரையிலேயே வந்துவிட வேண்டும், எட்டு அடிக்கு ஒரு அங்குலமாவது. டைல்ஸ்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடக் கூடாது.

சங்கனை எதனால் நிரப்புவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எடையைப் பாருங்கள். காரைக்கும் டைல்ஸுக்கும் போக எட்டரை அங்குலம் நிரப்ப வேண்டும், அது 28 கன அடி. செங்கல் துண்டும் கலவையுமாகப் போட்டால் கிட்டத்தட்ட 1.4 டன் அந்தத் தளத்தின் மேல் ஏறுகிறது. இடித்த வீட்டுச் செங்கல் இலவசமாகக் கிடைக்கிறது என்று போடுவார்கள். 2021-இல் தடாகம் செங்கல் சூளைகள் மூடியதிலிருந்து கோவைப் பக்கம் செங்கல் துண்டுகூடச் சும்மா கிடைப்பதில்லை என்று சொல்பவர்களும் உண்டு. கிடைத்தாலும், உப்பேறிய பழைய செங்கல் வேண்டாம். செங்கல் நிரப்பு ஒரு பஞ்சு, ஒருமுறை தண்ணீர் குடித்தால் மாதக்கணக்கில் விடாது, சுவர் வழியே கீழ் அறையில் ஓதம் அடிக்கும். ஏ.ஏ.சி. பிளாக் (எடை குறைந்த, காற்றுக் குமிழ் நிறைந்த கான்கிரீட் கல்) துண்டு என்றால் காய்ந்த நிலையில் அரை டன்தான், ஆனால் அதுவும் தண்ணீர் குடிக்கும். எதைப் போட்டாலும் சரி, சங்கனின் அடிமட்டத்தில் ஒரு அங்குலப் பைப்பை வெளிச்சுவர் வழியே விட்டு, உள் வாயில் வலை கட்டிவிடுங்கள். மேல் பூச்சு என்றைக்காவது தோற்றால் அந்தப் பைப்பில் சொட்டு விழும். அதைத் தளத்தில் போட்ட ஓட்டை என்று எதிர்ப்பவர்கள் உண்டு. கீழ் அறைக் கூரையில் கறை விழுந்து தெரிந்துகொள்வதைவிட வெளிச்சுவரில் சொட்டு விழுந்து தெரிந்துகொள்வது மேல் என்பது என் தீர்ப்பு.

நம் பக்கத்துத் தண்ணீரும் காற்றும் இதில் தனியாகச் சொல்ல வேண்டியவை. ஈரோடு, திருப்பூர், கரூர், பல்லடம் பக்கங்களில் பல போர்த் தண்ணீர் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம், சல்பேட் 400 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. காரைக்கு அத்தனை கறார் தேவையில்லை என்றாலும், உப்புத் தண்ணீரில் கலந்த காரையில் உப்புப் பூத்து, அதன் மேல் அடித்த பூச்சு ஏடாக உரிந்து வரும். மொத்த வேலைக்கும் கலக்கத் தண்ணீர் நூறு லிட்டருக்குள்தான், குழாயில் வரும் காவிரித் தண்ணீரையோ கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீரையோ நாலைந்து கேன் பிடித்து வைத்தால் முடிந்தது. ஏற்கெனவே வெள்ளை பூத்திருக்கும் சுவரானால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிட்டு, மறுபடி பூக்கிறதா என்று சில நாள் பார்த்த பிறகே அடிக்க வேண்டும். காற்றைப் பொறுத்தவரை, பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி ஆடியில் அடிக்கும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடத்தில் வென்டிலேட்டர் போடாத பாத்ரூமுக்குள் நேராக வரும். பூச்சின் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே ஈரம் நின்று, மேலே கீறல் விழும். வென்டிலேட்டர் ஓட்டையைச் சாக்கு கட்டி மூடிவிட்டு வேலை செய்யுங்கள். சித்திரை வெயிலில் கரூர், ஈரோடு என்றால் காலை பத்து மணிக்குள் அல்லது நாலு மணிக்கு மேல். கலந்த பூச்சு வாளியில் சில சமயம் அரை மணி நேரம்கூடத் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கவும். அடிக்கும் முன் சுவரை நனைக்க வேண்டும், ஆனால் தண்ணீர் மினுமினுக்கக் கூடாது. தொட்டால் குளிர்ச்சி, கையில் ஈரம் ஒட்டாது, அதுதான் பதம். தகரக் கூரைக் கடையில் வெயிலில் கிடந்த பால் கேன் கெட்டிருக்கலாம், மூடியைத் திறந்து கட்டி தட்டியிருக்கிறதா பார்த்து, தயாரித்த தேதியும் பாருங்கள்.

தண்ணீர் கட்டிப் பார்ப்பதை மூன்று முறை செய்ய வேண்டும். வெறும் தளத்தில் ஒருமுறை, சங்கன் பூச்சு முடிந்து ஒருமுறை, மேல் பூச்சு முடிந்து டைல்ஸுக்கு முன் ஒருமுறை. முதலாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், ஆனால் கான்கிரீட்டில் தேன்கூடு விழுந்த (கலவை நிரம்பாமல் ஓட்டையாக நின்ற) இடம் அப்போதுதான் கீழே காட்டிக்கொடுக்கும், சரிசெய்யவும் அப்போதுதான் சுலபம். பூச்சு அடித்து ஐந்து முதல் ஏழு நாள் காயவிட்டு, டிராப்பை ரப்பர் அடைப்பான் போட்டு இறுக்கி, இரண்டு அங்குலம் நிரப்பி (நாற்பது சதுர அடிக்கு 190 லிட்டர்), 48 மணி நேரம் விடுங்கள். மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். பக்கத்திலேயே ஒரு அகன்ற டப்பில் இரண்டு அங்குலத் தண்ணீரை வைத்து அதையும் குறியுங்கள். இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் காற்று குடித்தது, பாத்ரூமில் மட்டும் கூடக் குறைந்தால் கசிவு. கசிவு என்று தெரிந்ததும் பூச்சைக் குறை சொல்லும் முன் அடைப்பானைப் பாருங்கள், கீழே பைப்பின் வாயில் சொட்டு விழுந்தால் அடைப்பான்தான் சரியில்லை.

டைல்ஸ் கட்டத்தில் இதுவரை செய்ததைக் கெடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேல் பூச்சு முடிந்த பிறகு பிளம்பர் வந்து ஷவர் பைப்புக்குச் சுவரைக் கட்டர் போட்டு அறுப்பது. பைப் எல்லாம் மூடி, பிரஷர் போட்டுச் சோதித்த பிறகே பூச்சுக்கு ஆள் வர வேண்டும். இரண்டு, டைல்ஸின் முதுகில் ஐந்து இடத்தில் கலவை வைத்து ஒட்டுவது. பின்னால் காலியிடம் விட்டால் அங்கே தண்ணீர் தேங்கும். பாலிமர் பூச்சின் மேல் சிமென்ட் பால் நன்றாகப் பிடிக்காது, ஐ.எஸ். 15477 எண் போட்ட டைல்ஸ் பசையைச் சீப்புக் கரணையில் இழுத்து ஒட்டச் சொல்லுங்கள். இடுக்குக்கு எபாக்ஸி கிரவுட் விலை கூடுதல்தான், ஆனால் தரைக்கு மட்டும் என்றால் ஒரு அடி டைல்ஸ், 3 மில்லிமீட்டர் இடுக்கு, 8 மில்லிமீட்டர் ஆழக் கணக்கில் ஒரு கிலோ டப்பாவே போதும். நம் ஊர் உப்புத் தண்ணீருக்கு இது அவசியம் என்பேன். வெள்ளைக் கறை போக மாதாமாதம் ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. சாதாரணச் சிமென்ட் கிரவுட்டை ஆசிட் அரித்துவிடும், இடுக்கு வழியாகக் கீழே போய்க் காரையையும் சிமென்ட் கலந்த இந்தப் பூச்சையும் தின்னும். டைல்ஸ் ஒட்டிய மறுநாளே கறை போக்க ஆசிட் ஊற்றுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

மூன்று செட் வாங்கி, சொன்ன கனத்தில் அடித்தால் கடைசியில் ஏழு கிலோ வரை மிஞ்சும். கடைசி செட்டைக் கலக்கும்போது மட்டும் தேவைக்கு எடை போட்டுப் பிரித்தால் பால் தனியாக, பவுடர் தனியாக நிற்கும். பிரித்த பவுடர் ஈரக்காற்றில் கட்டி தட்டிவிடும், அதை அடுத்த கட்டிடத்துக்கு என்று எடுத்து வைக்காமல், அந்த வாரத்திலேயே சமையலறை சிங்குக்கு அடியிலும், வாஷிங் மெஷின் வைக்கும் இடத்திலும், பாத்ரூமுக்கு வெளியே சுவரடியிலும் 35 சதுர அடிக்கு அடித்து முடித்துவிடுங்கள்.